சட்னி டப்பாவில் வந்த ராணி

செப்டம்பர் 12, வெள்ளி

இந்த டைரி ஜனவரியில் மருந்து கம்பெனிக்காரர் கொடுத்தது. ஒன்பது மாதமாக முதல் பக்கத்தில் என் பெயரும் ரத்த வகையும் மட்டும்தான் இருந்தன. அமலதாஸ், ஓ பாசிட்டிவ். இன்றைக்குத்தான் எழுத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

மாலையில் தில்லைநகரிலிருந்து ஒரு போன். குளியலறை முழுக்க ஈசல், கரையான் வந்து கதவையெல்லாம் தின்றுவிடும், உடனே வாருங்கள் என்று. பம்பைத் தூக்கிக்கொண்டு போனேன். மதியம் பெய்த மழைக்கு விளக்கைச் சுற்றிக் கும்மாளம். ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். ஈசலுக்கு நாலு ரெக்கையும் ஒரே நீளம், இடுப்பு என்று ஒன்று கிடையாது. இதற்கு முன்ரெக்கை பெரிசு, இடுப்பு நூல் மாதிரி. "அம்மா, இது கரையான் இல்ல, கட்டெறும்பு. இன்னைக்கு இதுங்களுக்குக் கல்யாணம்" என்றேன். "எதா இருந்தா என்ன, அடிங்க" என்றார் அந்த அம்மா. அடித்தேன். பதினெட்டு வருஷமாக பூச்சிமருந்து அடிப்பதுதானே என் தொழில்.

அடிப்பதற்கு முன்னால் ஒன்று நடந்தது. வாஷ்பேசின் ஓரத்தில் பெரிய ராணி எறும்பு ஒன்று தன் ரெக்கையைத் தானே காலால் தள்ளிக் கழற்றிப் போட்டது. வேலை முடிந்து வந்தவன் சட்டையைக் கழற்றுகிற மாதிரி, அவ்வளவு நிதானமாக. இத்தனை வருஷத்தில் எறும்புகளை நான் செத்துத்தான் பார்த்திருக்கிறேன், தன் பாட்டுக்கு ஒரு வேலை செய்து பார்த்ததில்லை. என்ன தோன்றியதோ, அங்கிருந்த மற்ற ராணிகளில் இரண்டை விரலால் பிடித்துக் காலி மாத்திரை டப்பாவில் போட்டேன். ரெக்கை கழற்றியதற்கு இடம் இல்லை. மதியச் சாப்பாட்டின் சட்னி டப்பாவைக் கழுவித் துடைத்துப் பக்கத்தில் வைத்தேன். அதுவாக ஏறி உள்ளே போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் சொல்ல மறந்துவிட்டேன். அடுப்படியிலிருந்து ஜெசிந்தாவின் குரல் வந்தது. "என்னங்க, சட்னி டப்பால உசிரு இருக்கு."

வேறு வீட்டில் என்றால் டப்பா பறந்திருக்கும். ஜெசி இருபது வருஷமாக ரத்தப் பரிசோதனை லேபில் இருப்பவள். மூடியை அரை விரற்கடை திறந்து, பார்த்து, மூடி, "ராணியா?" என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பர் 13, சனி

ஜெசி லேபிலிருந்து புது டெஸ்ட் டியூப் மூன்று கொண்டுவந்தாள். எறும்பு வளர்ப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதில் சேர்ந்தேன். கரூரில் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் ஹசீனா மேடம் அதை நடத்துகிறார். ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பதினாறு மில்லிமீட்டர், முதுகு கூன் போட்ட மாதிரி புடைப்பு, ரெக்கை இருந்த இடத்தில் தழும்பு. கட்டெறும்பு ராணியேதான் என்று உறுதி சொன்னார்.

வளர்க்கும் முறை எளிது. டியூபின் அடியில் தண்ணீர், அதன் மேல் பஞ்சு அடைப்பு, நடுவில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. இருட்டில் வைத்துவிட வேண்டும். சாப்பாடு போட வேண்டாம். இனி ரெக்கைக்கு வேலை இல்லை என்பதால் அதை அசைத்த சதையையே கரைத்து, அதில்தான் முதல் பிள்ளைகளை வளர்க்குமாம். வேலைக்கார எறும்புகள் வெளியே வரும்வரை, இரண்டு மாதம், பட்டினி.

"நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் சார்?" என்று குழுவில் யாரோ கேட்டார்கள். "சர்வீஸ் லைன்" என்று போட்டேன். ஆடு வளர்ப்போர் சங்கத்தில் கசாப்புக்கடைக்காரன் சேர்ந்த கதையாகிவிடக் கூடாது.

வேலையிலிருந்து வந்ததும் என் இரண்டையும் நானே டியூபுக்கு மாற்றிப் பஞ்சு அடைத்தேன். சட்னி டப்பா ராணியை ஜெசி மாற்றினாள். என்னுடையவை பீரோவில் என் சட்டை அடுக்கில். அவளுடையது அவள் சேலை அடுக்கில்.

செப்டம்பர் 15, திங்கள்

என்னுடையதில் ஒன்று செத்துவிட்டது. மல்லாந்து கிடந்து ஆறு காலும் நடுங்கியது, பிறகு நின்றுவிட்டது. வயசாகியிருக்கும் என்றேன்.

"கல்யாணமான மூணாம் நாளே வயசாயிருச்சா?" என்றாள் ஜெசி.

செப்டம்பர் 16, செவ்வாய்

இரண்டாவதும். அதே நடுக்கம்.

செப்டம்பர் 19, வெள்ளி

சேலை அடுக்கு ராணி முட்டை போட்டிருக்கிறது. நாலு. ஜெசி பூதக்கண்ணாடி வைத்து எண்ணிச் சொன்னாள். எண்ணுவது அவளுக்கு ரத்தத்தில் ஊறியது. பகலெல்லாம் மைக்ராஸ்கோப்பில் அணுக்களை எண்ணுகிறாள், வீட்டுக்கு வந்தும் எதையாவது எண்ண வேண்டும். முன்பு மீன்களை எண்ணுவாள். கப்பி மீன், நாலில் ஆரம்பித்து நாற்பத்து மூன்றுவரை பெருகியிருந்தது. காலையில் எழுந்ததும் தொட்டி முன்னால் நின்று எண்ணி முடித்த பிறகுதான் காப்பி.

இரண்டு வருஷம் முன்பு அவள் பட்டுக்கோட்டைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் கரண்ட் போய், காற்று மோட்டார் நின்று, மீன்கள் எல்லாம் செத்துவிட்டன. தொட்டி இப்போது பரண்மேல் இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து ராணியைப் பார்த்தோம். ஏழு முட்டை. ஒரே குவியலாக, வாயருகில் வைத்துக்கொண்டு காவல் காக்கிறது.

"உனக்குக் கைராசி ஜெசி" என்றேன். சும்மா சொல்லவில்லை. லேபுக்கு வருகிறவர்கள் ஜெசி அக்கா ஊசி குத்தினால்தான் வலிக்காது என்று காத்திருந்து ரத்தம் கொடுக்கிறார்கள். அவள் நட்ட கறிவேப்பிலை தழைக்கிறது, நான் நட்டது பட்டுப்போனது.

"கைராசியும் இல்ல ஒண்ணும் இல்ல. கையக் கழுவிட்டுத் தொட்டேன்" என்றாள்.

நான் மட்டும் கழுவாமலா தொட்டேன்?

அக்டோபர் 6, திங்கள்

நாலு புழு, ஐந்து முட்டை. புழுக்கள் ரவை அளவு. ஜெசி கண்ணாடியை எனக்குத் தந்து, "தல ஆட்டுது பாருங்க, பசிக்குது போல" என்றாள். ராணி ஒவ்வொன்றின் வாயிலும் வாயை வைத்து ஊட்டியது. நான் நாளெல்லாம் வேலைக்குப் போய்வந்து பசி என்று கத்துகிற ஆள். இது மூன்று வாரமாக ஒரு சொட்டுத் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லாமல் சம்சாரம் நடத்துகிறது.

நேற்று நல்ல மழை. ஆபீஸ் தெருவிலேயே இரண்டு ராணிகளைப் பிடித்தேன். இந்தமுறை புது டியூப், புதுப் பஞ்சு, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். தப்பவே தப்பாது.

அக்டோபர் 9, வியாழன்

இரண்டும் போய்விட்டன. வெட்கமாக இருந்தது. எறும்பைப் பற்றி இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவன் யாரடா என்று நினைத்துக்கொண்டிருக்கிறவன் நான். நாலு ராணியைக் கையில் எடுத்து நாலையும் சாகவிட்டிருக்கிறேன். "விடுங்க, இது ஒண்ணு இருக்குல்ல" என்றாள் ஜெசி. அது அவளுடையது. அதைச் சொல்லவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

ஹசீனா மேடத்திடம் கேட்டேன். ஐந்து நிமிஷத்துக்குக் குரல் பதிவு அனுப்பினார். தண்ணீரில் குளோரின் இருக்கா, பஞ்சு வாசனைப் பஞ்சா, பீரோவில் அந்துருண்டை போட்டிருக்கிறீர்களா, அடிக்கடி திறந்து பார்க்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில், "வீட்ல யாராவது பூச்சிமருந்து அடிக்கிறீங்களா சார்?" என்றார்.

இல்லை என்று பதில் போட்டேன். வீட்டில் யாரும் அடிப்பதில்லை. அது உண்மைதான்.

அக்டோபர் 13, திங்கள்

மூன்று வீடு, ஒரு ஓட்டல். கன்னத்தில் வழக்கமான குறுகுறுப்பு. மருந்து கலக்குகிற எல்லாருக்கும் இது இருக்கும். வீட்டுக்கு வந்து நாலு முறை கை கழுவினேன்.

அக்டோபர் 18, சனி

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

மாலையில் பால்கனியில் பிள்ளையார் எறும்புகள் சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. சோப்புப் போட்டுக் கழுவிய விரலால் சாரைக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். வந்த எறும்புகள் கோட்டருகே நின்று, மீசையை ஆட்டி, திரும்பிவிட்டன. சரி, எந்த விரலுக்கும் அப்படித்தான் செய்யும் என்று, ஜெசியைக் கூப்பிட்டு அவள் விரலால் இன்னொரு கோடு இழுக்கச் சொன்னேன். ஒரு விநாடி தயங்கித் தாண்டிப் போய்விட்டன. "என்ன வெளையாட்டு இது?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

பிறகு துவைத்துக் காய்ந்த என் யூனிஃபார்ம் சட்டையின் கையை அந்த வழியில் வைத்தேன். அதன் மேல் ஏறிப் போனவை ஒரு முழம் போயிருக்கும். கால் பின்னியது. மல்லாந்தன. நடுங்கின. அந்த நடுக்கத்தைத் தினமும் பார்த்து, வேலை சரியாக நடந்திருக்கிறது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறவன் நான்.

ஹசீனா மேடத்துக்குப் போன் போட்டு என் தொழிலைச் சொன்னேன். "திரும்பச் சொல்லுங்க" என்றார். அப்புறம் சிரித்துவிட்டார். "மொத நாளே சொல்லியிருந்தா நாலு ராணி பொழச்சிருக்கும் சார். உங்க கை, சட்டை, பை எல்லாத்துலயும் மருந்து ஊறியிருக்கு. சோப்புக்கெல்லாம் போகாது. உங்க வீட்டம்மாவே பாத்துக்கட்டும், நீங்க தொடாதீங்க. முடிஞ்சா குளிச்சிட்டு வீட்டுக்கு வாங்க, வீட்டுக்கு வந்து குளிக்காதீங்க." வைக்கப் போனவர் நிறுத்திக் கேட்டார். "மீன் எதுவும் வளர்க்கலியே? எறும்பவிட மீனுக்கு இது இன்னும் ஆகாது."

இல்லை என்றேன். இப்போது இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

எறும்பு விஷயத்தை ஜெசியிடம் சொன்னேன். என் சட்டைகளை பீரோவிலிருந்து எடுத்துப் பால்கனிப் பெட்டிக்கு மாற்றினாள். "கிளவுஸ் போடுங்க, கிளவுஸ் போடுங்கன்னு எத்தன வருஷமா சொல்றேன்" என்றாள். அவ்வளவுதான். அவள் கண் பரணுக்குப் போகிறதா என்று பார்த்தேன். போகவில்லை.

இந்த டைரியிலாவது சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் கரண்ட் போனது நிஜம். இருபது நிமிஷம். ஆனால் அதற்கு முன்னால், அவள் ஊரிலிருந்து வரும்போது தொட்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று, வேலைவிட்டு வந்த கையோடு உட்கார்ந்து பாசி துடைத்தேன். முழங்கைவரை தண்ணீருக்குள். அரை மணியில் மீன்கள் மேலே வந்து சுழன்றன. அந்தச் சுழற்சி எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டே போனில் அவளிடம் "கரண்ட் போயிருச்சு ஜெசி" என்றேன். அவள் "சரி, விடுங்க" என்றாள். அதன் பிறகு மீன் வேண்டும் என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எறும்பு விஷயத்தைச் சொன்ன அதே வாயால் மீன் விஷயத்தையும் சொல்லியிருக்கலாம். இட்லி ஆறிக்கொண்டிருந்தது, சாப்பிட்டுவிட்டேன்.

அக்டோபர் 27, திங்கள்

புது ஏற்பாடு. ஆபீஸிலேயே குளியல், பை அங்கேயே, யூனிஃபார்ம் அங்கேயே, வேலையில் கிளவுஸ். முதலாளி மோந்து பார்த்துவிட்டு, "என்ன அமலதாஸ், புது மாப்பிள்ளை மாதிரி மணக்குறீங்க" என்றார். வீட்டில் எனக்கு ஒதுக்கிய இடம் மேசையிலிருந்து இரண்டு அடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஜெசி கண்ணாடி வழியாகப் பார்த்து வாசிக்கிறாள், நான் கேட்டுக்கொள்கிறேன். கிரிக்கெட் வர்ணனை கேட்கிற மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

புழுக்கள் தங்களைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டுவிட்டன. இளம்பழுப்பில், நெல்மணி அளவு. ஐந்து கூடு. முட்டை மிச்சம் எதுவும் இல்லை, பசிக்கு ராணியே தின்றிருக்கும் என்கிறார் மேடம். ராணியின் வயிறு ஒட்டிப்போயிருக்கிறது. இன்னும் பத்துப் பதினைந்து நாள் தாங்க வேண்டும். இந்த ஐந்தும் வெளியே வந்து தேனை நக்கிக்கொண்டுவந்து ஊட்டினால்தான் அது பிழைக்கும். இவை போனால் இன்னொரு தடவை முட்டையிட்டு வளர்க்க அதன் உடம்பில் சரக்கு இல்லை.

நவம்பர் 8, சனி

ஜெசி பட்டுக்கோட்டைக்குப் போயிருக்கிறாள். அவள் அக்கா ரோஸ்லினுக்குக் கண் ஆபரேஷன், நாலு நாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பாருங்க. தொடாதீங்க" என்றாள். படியிறங்கப் போனவள் நின்று, "கரண்ட் போனாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள்.

கேலியா வேறெதுவுமா என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம் ஆகிறது.

நவம்பர் 10, திங்கள்

காலை எட்டு மணிக்குப் பார்த்தேன். உள்பஞ்சு தளர்ந்து தண்ணீர் கசிந்து டியூபில் பாதிவரை வந்துவிட்டது. ராணி கூடுகளை வாய்ப்பக்கம் இழுத்துக் குவித்து அதன் மேல் நின்றுகொண்டிருந்தது. ஒரு கூடு ஏற்கனவே தண்ணீரில். தொட்டால் என் கையால் சாகும், தொடாவிட்டால் மூழ்கிச் சாகும்.

மேடம் போனை எடுக்கவில்லை, வகுப்பில் இருந்திருப்பார். ஜெசிக்குப் போட்டேன்.

"பதறாதீங்க. புது டியூப் பீரோல என் அடுக்குல இருக்கு. கிளவுஸ் டப்பா ஃபிரிட்ஜ் மேல. தல குளிச்சிட்டு கிளவுஸ் போடுங்க" என்றாள். பிறகு, "ஆனா என்ன போட்டுப்பீங்க?" என்றாள்.

நியாயமான கேள்விதான். என் வேட்டி, பனியன் எல்லாம் யூனிஃபார்மோடு வருஷக்கணக்கில் ஒரே மிஷினில் சுழன்றவை. அவள் துணியை மட்டும் அவள் தனியாகக் கையால் துவைத்துக்கொள்வாள், வாசனை ஒட்டுகிறது என்று.

"என் நைட்டியப் போட்டுக்கோங்க. நீலப் பூப்போட்டது. கொஞ்சம் லூசு" என்றாள்.

வேலைக்கு லீவு சொன்னேன். மூன்று முறை சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்தேன். நைட்டியைப் போட்டுக்கொண்டு, கிளவுஸ் மாட்டிக்கொண்டு, புது டியூபில் தண்ணீரும் பஞ்சும் வைத்தேன். பழைய டியூபின் வாய்ப்பஞ்சை எடுத்து இரண்டு வாய்களையும் சேர்த்து டேப் ஒட்டினேன். புது டியூபைக் கறுப்புத் துணியால் மூடி, பழையதன் மேல் டார்ச் அடித்து வைத்தேன். வெளிச்சம் பிடிக்காமல் அதுவாக இருட்டுக்குப் போக வேண்டும். தட்டக் கூடாது, ஊதக் கூடாது. இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டேன்.

பத்தரைக்கு கேஸ் சிலிண்டர்க்காரர் மணி அடித்தார். "வாசல்லயே வைங்கண்ணே, அப்புறம் எடுத்துக்கறேன்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன். "உடம்பு சரியில்லையா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

பன்னிரண்டுக்கு ராணி முதல்முறை எல்லையைத் தாண்டி, மீசையால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. அடுத்தமுறை வாயில் ஒரு கூடு. எலும்பும் தோலுமான ஒரு தாய் தன்னில் பாதி கனமுள்ளதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். ஒன்றை வைத்தாள், திரும்ப வந்தாள், அடுத்ததை எடுத்தாள். நாலு நடை. ஐந்தாவதுக்கும் வந்தாள். தண்ணீரில் கிடந்ததைக் காலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. அதை எழுத எனக்குக் கூச்சமில்லை.

ஜெசிக்குப் போன் செய்து, "நாலு கூடும் ராணியும் பத்திரம்" என்றேன்.

"அப்பாடா" என்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவின் இரைச்சல் கேட்டது. "நைட்டி சரியா இருந்துச்சா?"

"ஜெசி, மீன் கரண்ட் போனதால சாகல."

மூச்சு விடாமல் மிச்சத்தையும் சொன்னேன்.

"நான்தான். வேலைல இருந்து வந்து தொட்டியத் தொடச்சேன். கையோட மருந்து போயிருச்சு. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

வராந்தாவில் யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அக்காவக் கூப்பிடுறாங்க" என்று சொல்லி ஜெசி வைத்துவிட்டாள். நான் மாலைவரை நைட்டியை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

நவம்பர் 12, புதன்

ஜெசி வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றியதும் டியூபைப் போய்ப் பார்த்தாள். "நாலு. ஒண்ணு கொறையுது."

"தண்ணில போச்சு."

"ம்."

நவம்பர் 15, சனி

பேசவில்லை என்று சொல்ல முடியாது. பால், கேஸ், அக்காவின் கண் எல்லாம் பேசினாள். மீனைத் தவிர. ரசத்தில் உப்புச் சரியாக இருந்தது, அதனால் கோபமா இல்லையா என்று அதை வைத்தும் சொல்ல முடியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

கன்டோன்மென்டில் ஒரு வீட்டு அடுப்படியில் சிங்க்குக்கு அடியில் எறும்புக்கு விஷ ஜெல் வைக்க மண்டியிட்டிருந்தேன். ஜெசியிடமிருந்து போன். வேலை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள்.

"ஒண்ணு வந்துருச்சுங்க. வெளிர் மஞ்சளா இருக்கு. ராணியே கூட்டக் கிழிச்சு எடுத்துவிட்டுச்சு."

"எவ்வளவு பெரிசு?"

"சின்னது. சீரகம் அளவு. எந்திரிச்சு நிக்கத் தெரியாம விழுது."

கொஞ்ச நேரம் சிங்க்குக்கு அடியில் போன எறும்புச் சாரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கிளவுஸைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு ஜெல்லை வைத்தேன். தொழில் தொழில்தான். ஆனால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வைத்தேன் போல, அந்த வீட்டுப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

நவம்பர் 21, வெள்ளி

நாலும் வந்துவிட்டன. ஜெசி குண்டூசி முனையில் ஒரு சொட்டுத் தேன் வைத்தாள். ஒன்று குடித்து, வயிறு கண்ணாடி மணிபோல் வீங்கி, நேரே அம்மாவிடம் போய் வாயோடு வாய் வைத்தது. எழுபது நாளுக்கு அப்புறம் அது சாப்பிட்டதை நாங்கள் இருவரும் பார்த்தோம். ஜெசி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

"ஸ்டூலப் பிடிங்க, ஸ்டூல மட்டும்" என்று சொல்லிவிட்டு ஜெசி ஏறிப் பரணிலிருந்து மீன்தொட்டியை இறக்கினாள். கிறிஸ்துமஸ் குடிலுக்கு என்று நினைத்தேன். தொட்டியைத் தலைக்கு மேல் பிடித்தபடி, இறங்காமல், அங்கேயே நின்று பேசினாள்.

"கப்பிக்கு மோட்டாரே தேவையில்லங்க. கிண்ணத்துல போட்டாலும் கெடக்கும். கரண்ட் போனதால சாகலைன்னு அன்னைக்கே தெரியும்."

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான்னு நெனச்சேன். ஊருக்குக் கெளம்புற அவசரத்துல டேப்புத் தண்ணிய அப்படியே ஊத்திட்டேன். குளோரின்ல போயிருச்சு, நீங்க என் மனசு நோகக் கூடாதுன்னு கரண்ட்டுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். அதான் மறுபடி வளக்கல. நாப்பத்தி மூணக் கொன்னவ எதுக்கு வளக்கணும்?"

இரண்டு வருஷம். நான் பழிக்குப் பயந்து சொன்ன பொய்யை அவள் என் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டு, என் பழியைத் தன் தலையில் சுமந்துகொண்டு, எதிரில் உட்கார்ந்து சாப்பாடு பரிமாறியிருக்கிறாள். மீன் செத்ததைவிட இதுதான் பெரிய கொலை. "தப்புப் பண்ணிட்டேன் ஜெசி" என்றேன். வேறு எதைச் சொன்னாலும் மட்டமாக இருந்திருக்கும்.

"ஆமா" என்றாள். "பிடிங்க நல்லா, எறங்கறேன்."

தொட்டியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் உப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்தாள். "இது எறும்புக்கு. குடும்பம் பெருகுனா டியூப் பத்தாது, சுத்திவர எடம் வேணும்." நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையாட்டினேன். கீழே இறங்கும்போது படியில் சொன்னாள். "மீனுக்கு வேற வாங்கிக்கலாம்."

டிசம்பர் 14, ஞாயிறு

குடில் கட்டியாயிற்று. குழந்தை ஏசுவுக்குப் பக்கத்து மேசையில் எறும்புத் தொட்டி. தொட்டியின் விளிம்பில் அவை ஏறி வராமல் ஜெசி முகப் பவுடரைக் குழைத்துப் பூசியிருக்கிறாள். ஜன்னலோரம் புதுக் கண்ணாடிக் கிண்ணத்தில் நாலு கப்பி. இரண்டுக்கும் நடுவில், இரண்டு அடி தள்ளி, நான்.

கன்னத்துக் குறுகுறுப்பு எப்போது போனது என்று தெரியவில்லை. இல்லை என்று இன்றைக்குத்தான் கவனித்தேன்.

டிசம்பர் 22, திங்கள்

லேபில் வருஷக் கடைசி வேலை, ஜெசிக்குக் காலையில் நேரமில்லை. எண்ணும் பொறுப்பு இனி என்னுடையது என்று சொல்லிவிட்டாள். "கொறஞ்சா கொறஞ்சதுன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

டிசம்பர் 31, புதன்

டைரியின் கடைசிப் பக்கம்.

காலையில் எண்ணினேன். மீன் நாலு. ராணி ஒன்று, காலடியில் புது முட்டைக் குவியல். எறும்பு நேற்று நாலு. இன்று மூன்று. மறுபடி எண்ணினேன், மூன்று. ஒன்று குப்பை போடும் மூலையில் கிடந்தது.

அடுப்படிக்குப் போனேன். "ஒண்ணு செத்துருச்சு ஜெசி. மூணு இருக்கு."

அடுப்பிலிருந்து திரும்பாமல் கேட்டாள். "ஏன்னு தெரியுமா?"

"தெரியல. நான் தொடல."

"சரி" என்றாள். காப்பியை ஆற்றி நீட்டினாள். பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து வாங்கிக்கொண்டேன்.